பழகியது உடம்பா, கிருமியா?

காரைதீவில் எங்கள் மாமியின் அலுமாரிக்குள் ஒரு பழைய பிஸ்கட் டின் இருக்கிறது. வீட்டில் யாருக்குக் காய்ச்சல், தடிமன், தொண்டை நோ என்றாலும் முதலில் திறக்கப்படுவது அதுதான். சென்ற வருடம் மாமிக்குச் சலம் கடுத்து, நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தபோதும் அந்த டின்தான் திறந்தது. அதிலிருந்த கெப்சூலை இரண்டு நாள் போட்டுப் பார்த்தார். நிற்கவில்லை. பாமசியில் சொல்லி வேறொன்று வாங்கிப் போட்டார். அதற்கும் கேட்கவில்லை. நாலாம் நாள் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். ஏழு நாள் ஊசிமருந்து ஏற்றிய பிறகுதான் ஆளை வீட்டுக்குக் கூட்டி வர முடிந்தது. வாட்டில் கட்டிலோரம் நான் இருந்தபோது மாமி சொன்னார்:

“முந்தி ரெண்டு கெப்சூல் போட்டா எல்லாம் நிண்டுரும் மனே. இப்ப உடம்பு மருந்துக்குப் பழகிட்டுது.”

இதே விளக்கத்தை கல்முனைச் சந்தையிலும் கேட்கலாம், சாய்ந்தமருதிலும் நிந்தவூரிலும் எந்த வீட்டு வாசலிலும் கேட்கலாம். அது நியாயமான ஊகம்தான். வெற்றிலையோடு புகையிலை சேர்த்துப் போடுகிறவருக்கு முதல் நாள் தலை சுற்றும், ஒரு மாதம் போனால் சுற்றாது. தூக்கக் குளிசை எடுப்பவருக்கு நாளடைவில் ஒன்று போதாமல் இரண்டு வேண்டிவரும். அங்கெல்லாம் உண்மையாகவே உடம்புதான் பழகுகிறது, ஏனென்றால் அந்தப் பொருட்கள் வேலை செய்யும் இடமே உடம்புதான். மாமி விழுங்கிய கெப்சூல் அப்படியானதல்ல. அது உடம்பை ஒரு பாதையாக மட்டும் வைத்துக்கொண்டு, உள்ளே குடியேறிய வேறோர் உயிரைத் தேடிப் போகிறது. தெற்காசிய வைத்தியசாலைகளில், பிறந்து சில நாளேயான சிசுக்களின் இரத்தத்தில்கூட வழமையான மருந்துகளுக்கு அடங்காத கிருமிகள் காணப்படுகின்றன. வாழ்நாளில் ஒரு குளிசையும் விழுங்காத அந்தப் பிஞ்சு உடம்பு எந்த மருந்துக்குப் பழகியிருக்கும்?

மாமியின் ஊகத்துக்கு நம் மொழிவழக்கும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். உடம்பு நோயைத் தாங்குவதை ‘நோய் எதிர்ப்புச் சக்தி’ என்கிறோம். கிருமியைக் கொல்லும் மருந்தை ‘நுண்ணுயிர் எதிர்ப்பி’ என்கிறோம். அந்த மருந்தால் கிருமி சாகாமல் நிற்பதையும் ‘எதிர்ப்பு’ என்றே எழுதுகிறோம். உடம்பும் மருந்தும் கிருமியும் ஒரே சொல்லை ஏந்திக்கொண்டு நிற்கும்போது, யார் யாரை எதிர்க்கிறார் என்று வாசகர் குழம்பாமல் என்ன செய்வார்? ‘எதிர்ப்புச் சக்தி கூடிவிட்டது’ என்ற செய்தித் தலைப்பைப் பார்த்து நல்ல செய்தி என்று மகிழ்ந்தவரை எனக்குத் தெரியும்.

இதே காரைதீவில் 1892இல் பிறந்த விபுலாநந்த அடிகளை யாழ்நூலுக்காகத்தான் பெரும்பாலும் நினைவுகூருகிறோம். அவர் இலண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டதாரி, விஞ்ஞானம் கற்பித்த ஆசிரியர். 1930களில் சென்னையில் அறிவியல் கலைச்சொற்களைத் தமிழில் தொகுத்த முயற்சியில் முன்னின்றவர். பொருள் துலங்காத சொல்லால் அறிவு துலங்காது என்பதை அறிந்த அவருடைய மண்ணின் துணிவில், இந்தக் கட்டுரைக்கு மட்டுமாவது சொற்களைப் பிரித்து வைத்துக்கொள்கிறேன். உடம்பினுடையது எதிர்ப்புச் சக்தி. மருந்து நுண்ணுயிர்க்கொல்லி, அதாவது டொக்டர்கள் சொல்லும் அன்ரிபயோட்டிக். மருந்துக்குக் கிருமி அடங்காமல் நிற்பதை ‘மசியாமை’ என்று சொல்லப்போகிறேன். எவ்வளவு சொன்னாலும் மசியாத ஆளைப்போல மருந்துக்கு மசியாத கிருமி.

இனி அந்த மருந்து என்ன செய்கிறது என்று பார்ப்போம். நாம் பேச்சுவழக்கில் கிருமி என்பதில் முக்கியமான ஒரு கூட்டம் பக்டீரியா. ஒற்றைக் கலம்தான் அதன் முழு உடம்பு. அந்தக் கலத்தைச் சுற்றி உறுதியான ஒரு சுவர் இருக்கும். நம் உடம்பின் கலங்களுக்கு அப்படிச் சுவர் கிடையாது. இந்த வித்தியாசத்தில்தான் பெனிசிலினின் வெற்றி தங்கியிருக்கிறது. கிடுகு வேலி அடைத்த வளவொன்றை நினைத்துக்கொள்ளுங்கள். வளவு பெருக்கப் பெருக்க வேலியை அவிழ்த்து, புதுக் கிடுகு சேர்த்துக் கட்டிக்கொண்டே போக வேண்டும். பக்டீரியாவும் வளரும்போது அப்படித்தான் தன் சுவரை அவிழ்த்துக் கட்டுகிறது. பெனிசிலினும் அதன் தம்பியான அமொக்சிசிலினும் கட்டுகிற கையைப் பிடித்துக்கொள்கின்றன. அவிழ்த்த இடம் அவிழ்த்தபடி நிற்க, வேலி பிளந்து பக்டீரியா வெடித்துச் சாகிறது. நம் கலங்களுக்கு வேலியே இல்லாததால் அவற்றுக்கு ஒன்றும் ஆவதில்லை. வேறு நுண்ணுயிர்க்கொல்லிகள் வேறு இடங்களில் பிடிக்கின்றன. பக்டீரியா புரதம் செய்யும் பட்டறையைச் சில முடக்கும், அதன் மரபிழை (டி.என்.ஏ.) படியெடுக்கப்படுவதைச் சில தடுக்கும். எல்லாவற்றிலும் தந்திரம் ஒன்றுதான்: கிருமியிடம் இருந்து, நம்மிடம் இல்லாத அல்லது வேறு மாதிரி இருக்கும் ஒன்றைக் குறிவைப்பது.

வைரசுக்கு இந்த வேலியும் இல்லை, பட்டறையும் இல்லை. அது நம் கலத்துக்குள் புகுந்து நம் பட்டறையிலேயே தன் வேலையை முடித்துக்கொள்கிறது. தடிமனும் சாதாரண இருமல் காய்ச்சலில் பெரும்பகுதியும் வைரசால் வருபவை. டெங்குவும் அப்படித்தான், அம்மாள் வருத்தம் என்று நாங்கள் சொல்லும் கொப்புளிப்பானும் அப்படித்தான். காரைதீவுக் கண்ணகை அம்மன் கோயிலில் வைகாசிக் குளிர்த்தி பார்த்து வளர்ந்த எங்களுக்கு அம்மாள் வருத்தம் என்றால் வேப்பிலை, இளநீர், தனியறை, தலைமுழுக்கு நாள் என்று ஓர் ஒழுங்கு தெரியும். வைரசு என்ற ஒன்று அறியப்படும் முன்னரே நோயாளியைத் தனியே வைத்து, உடம்பைக் குளிர்வித்து, தானாகத் தீரும்வரை பொறுத்திருந்த வழக்கம் அது. அம்மாள் கண்டவருக்கு யாரும் கெப்சூல் தேடி ஓடவில்லை. தடிமனுக்கு ஓடுகிறோம். இரண்டிலும் நுண்ணுயிர்க்கொல்லியின் பயன் ஒன்றே, பூச்சியம். மூன்றாம் நாள் கெப்சூல் போட்டு ஐந்தாம் நாள் தடிமன் விட்டால் பெயர் கெப்சூலுக்குப் போகிறது. போடாவிட்டாலும் அது ஐந்தாம் நாள் விட்டிருக்கும்.

சரி, மசியாமை எங்கிருந்து வருகிறது? பெனிசிலினை 1928இல் கண்ட அலெக்சாந்தர் பிளெமிங் 1945இல் நொபெல் பரிசு உரையிலேயே எச்சரித்தார். தொண்டை நோவுக்குப் போதாத அளவில் பெனிசிலின் போட்டுக்கொள்ளும் ஒரு மனிதரை அவர் கற்பனை செய்தார். அந்த மனிதரின் தொண்டைக் கிருமிகள் சாகாமல் மருந்துக்கு மசியாதவையாக மாறுகின்றன. அவை மனைவிக்குத் தொற்றி நியுமோனியாவாகின்றன. இப்போது பெனிசிலின் வேலை செய்யவில்லை, மனைவி இறந்துவிடுகிறார். மருந்தைத் தவறாகப் பாவித்தவர் ஒருவர், உயிர் போனது இன்னொருவருக்கு. எண்பது வருடத்துக்கு முன் சொல்லப்பட்ட இந்தச் சிறு கதையை நம் ஊர்ப் பள்ளிகளில் ஒருநாளாவது சொல்லிக்கொடுத்திருக்கலாம் என்று எனக்கு ஆதங்கம் உண்டு.

ஆனால் பிளெமிங்கும் ஓரிடத்தில் மாமியைப்போலவே பேசினார். குறைந்த அளவு மருந்து கிருமிகளுக்குப் பாடம் கற்பிக்கிறது என்றார். உடம்பு பழகுகிறது என்று மாமி சொன்னதில் உடம்பை எடுத்துவிட்டுக் கிருமியை வைத்தால் பிளெமிங்கின் கூற்று வந்துவிடும். கிருமி உண்மையில் மருந்தைக் கண்டு பழகுகிறதா, அல்லது மருந்தைக் காணும் முன்பே மசியாத ஒன்றிரண்டு கூட்டத்துக்குள் இருந்தனவா? அக்காலத்து விஞ்ஞானிகளை வாட்டிய கேள்வி இது. மருந்து போட்ட பிறகு பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரித்தான் தெரியும், மசியாதவை மட்டுமே எஞ்சியிருக்கும். மருந்தே காணாத கிருமிகளுக்குள் மசியாதவை எவை என்று, மருந்து போடாமல் எப்படிக் கண்டுபிடிப்பது?

1952இல் அமெரிக்காவில் எஸ்தர் லெடர்பெர்க், ஜொசுவா லெடர்பெர்க் தம்பதியர் இதைத் தீர்த்தது ஒரு துணித்துண்டால். மருதமுனைத் தறிச்சத்தம் கேட்டு வளர்ந்த நமக்கு அந்தச் செய்தி தனியாகப் பிடித்துப்போகும். அவர்கள் எடுத்தது வெல்வெட். வளர்ப்புத் தட்டொன்றில் பக்டீரியாக்கள் புள்ளி புள்ளியாகக் குடும்பம் பெருகியிருந்தன. வெல்வெட்டை ஒரு வட்டக் கட்டையில் இழுத்துக் கட்டி அந்தத் தட்டில் ஒற்றினார்கள். வெல்வெட்டின் நுண்ணிழைகளில் ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் கொஞ்சம் கிருமி ஒட்டிக்கொண்டது. அதே வெல்வெட்டை மருந்து கலந்த வேறு தட்டுகளில் ஒற்றினார்கள். அச்சுக் குத்தியதுபோல எல்லாத் தட்டிலும் ஒரே கோலம். மருந்துத் தட்டுகளில் ஏறக்குறைய எல்லாப் புள்ளியும் செத்தன. அங்குமிங்கும் ஓரிரண்டு முளைத்தன, எல்லாத் தட்டிலும் அதே இடத்தில் முளைத்தன. மருந்து கிருமிக்குப் பாடம் கற்பித்திருந்தால் ஒவ்வொரு தட்டிலும் வெவ்வேறு இடத்தில் அல்லவா முளைத்திருக்கும்? அடுத்து முதல் தட்டுக்குத் திரும்பிப் போனார்கள். மருந்தின் வாசமே படாத அந்தத் தட்டில் அதே இடங்களிலிருந்து கிருமியை எடுத்துச் சோதித்தபோது மசியாதவை அங்கே ஏற்கெனவே இருந்தன.

ஆக, யாருமே பழகவில்லை. சாதகமான சூழலில் குடற் பக்டீரியா ஒன்று இருபது நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டாகப் பிளக்கும். பத்து மணித்தியாலத்தில் ஒன்று நூறு கோடியைத் தாண்டிவிடும். அத்தனை தடவை மரபிழையைப் படியெடுக்கும்போது அங்குமிங்கும் ஓரெழுத்துப் பிழை விழாமல் போகாது. பெரும்பாலான பிழையால் பயனில்லை. ஏதோ ஒரு பிழை, தற்செயலாக, மருந்தின் பிடிக்குள் சிக்காத கையைக் கொடுத்துவிடும். மருந்து இல்லாத காலத்தில் அது கூட்டத்தில் ஒன்றாக, சிலவேளை மற்றவற்றை விடச் சோம்பலாகவே வளர்ந்துகொண்டிருக்கும். மருந்து வந்து சுற்றியிருந்தவற்றை அழித்ததும் வெளித்த இடமெல்லாம் அதற்குத்தான்.

வயல் செய்கிறவருக்கு இதை விளக்கவே தேவையில்லை. போகத்துக்குப் போகம் ஒரே களைநாசினியை அடித்துவந்தால், முதற்போகம் சாகாமல் நின்ற நாலு புல் கதிர் தள்ளி விதை சிந்தும். ஐந்தாறு போகம் கழித்து வட்டை முழுக்க அந்தப் புல்தான் நிற்கும். களைநாசினி புல்லைப் பழக்கவில்லை, மற்றப் புல்லைக் கொன்று இதற்கு இடம் கொடுத்தது. 2016இல் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் இதைக் கண்ணுக்குத் தெரிய ஆடிக் காட்டினார்கள். மேசையளவு பெரிய தட்டொன்றை வரம்பு பிரித்த வயல்போலப் பகுத்து, ஓரத்தில் மருந்தில்லாமலும், அடுத்ததில் கொஞ்சமும், அதற்கடுத்ததில் பத்து மடங்கும், நடுவில் ஆயிரம் மடங்குமாகக் கலந்துவைத்தார்கள். ஓரத்தில் விட்ட பக்டீரியா முதல் வரம்பு வரை பரவி நின்றது. பிறகு ஓரிடத்தில் ஒரு புள்ளி வரம்பைக் கடந்தது, அதன் பிள்ளைகள் விசிறிபோல அடுத்த வயலை மூடின. அடுத்த வரம்பிலும் அதே கதை. இரண்டு கிழமைக்குள் ஆயிரம் மடங்கு மருந்துக்குள்ளும் அவை குடியேறிவிட்டன. நேரே ஆயிரம் மடங்கில் விட்டிருந்தால் ஒன்றும் தப்பியிராது. படிப்படியாக உயர்ந்த அந்த அரைகுறை மருந்து வயல்கள்தான் அவற்றுக்கு ஏணி.

இப்போது மாமியிடம் திரும்பி வருகிறேன். சலம் கடுப்பதற்கு முன், அந்த வருடத்தில் மூன்று தடவை அவர் கெப்சூல் போட்டது தடிமனுக்கு. மசியாமல் நின்றதோ சலப்பாதையில் வந்த கிருமி. இரண்டுக்கும் என்ன தொடர்பு? இந்தச் சிக்கலுக்குள்தான் எனக்கு மிக முக்கியமாகப் படும் செய்தி இருக்கிறது. விழுங்கிய மருந்து தொண்டைக்கு மட்டும் போவதில்லை. குடலில் கோடானுகோடி பக்டீரியாக்கள் நமக்குத் தீங்கு செய்யாமல், பெரும்பாலும் நன்மை செய்துகொண்டு வாழ்கின்றன. தடிமனை உண்டாக்கிய வைரசுக்கு மருந்தால் ஒன்றும் ஆகவில்லை, அடி முழுக்க இந்த அப்பாவிகள்மீது விழுந்தது. அவற்றுள் மசியாதவை மட்டும் பெருகின. பெண்களுக்குச் சலப்பாதைத் தொற்றைப் பெரும்பாலும் உண்டாக்குவது குடலிலிருந்து வரும் ஈ.கோலை என்ற பக்டீரியாதான். ஒவ்வொரு தடிமனுக்கும் மாமி தன் குடலுக்குள் மசியாத பயிரை வளர்த்து வைத்திருந்தார், அதில் ஒன்று கடைசியில் இடம் மாறிவிட்டது. 2010இல் பிரித்தானிய ஆய்வாளர்கள் முன்னைய 24 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, ஒரு தடவை நுண்ணுயிர்க்கொல்லி எடுத்தவரிடம் மசியாத கிருமி காணப்படும் வாய்ப்பு முதல் மாதம் மிகக் கூடியும், ஒரு வருடம் வரைகூட ஓரளவு நீடித்தும் இருப்பதைக் கண்டார்கள்.

மாமியின் கிருமி எதற்கு மசியாது, எதற்கு மசியும் என்று எப்படித் தெரிந்தது? வாட்டில் ‘கல்ச்சருக்கு அனுப்பியிருக்கு’ என்று சொல்வார்களே, அதுதான். சலத்தில் வளர்ந்த பக்டீரியாவைத் தட்டில் ஒரே சீராகப் பூசி, மேலே ஒவ்வொரு மருந்தும் ஊறிய சிறு கடதாசி வில்லைகளை வைத்து ஓர் இரவு விடுவார்கள். மருந்துக்கு மசியும் கிருமியானால் வில்லையைச் சுற்றித் தெளிந்த வட்டம் விழும். மசியாவிட்டால் வில்லையின் விளிம்பு வரை கிருமி முட்டிக்கொண்டு நிற்கும். மாமியின் தட்டில் குளிசையாகக் கொடுக்கக்கூடிய வில்லைகளில் அநேகமானவற்றைச் சுற்றி வட்டமே இல்லை என்று டொக்டர் சொன்னார். இந்தச் சோதனையின் முடிவு வர இரண்டு மூன்று நாள் எடுக்கும். காய்ச்சலோடு நடுங்கும் நோயாளியை வைத்துக்கொண்டு அதுவரை காத்திருக்க முடியாத டொக்டர், எது வேலை செய்யக்கூடும் என்று ஊகித்துப் பலமான மருந்திலேயே தொடங்க வேண்டியிருக்கிறது. அந்தப் பலமான மருந்தும் அப்படியே தேய்கிறது.

எழுத்துப் பிழையால் மட்டும் மசியாமை வந்தால் அது மெதுவாகவே பரவும். பக்டீரியாக்களிடம் இன்னொரு வழியும் இருக்கிறது. தலைமை மரபிழைக்குப் புறம்பாக அவற்றுக்குள் சிறு வளையங்கள் உண்டு. பிளாஸ்மிட் என்பார்கள், நான் கைமாறு வளையம் என்று சொல்ல விரும்புகிறேன். வேலிக்கு மேலால் அடுத்த வீட்டுக்குக் கறி கொடுப்பதுபோல ஒரு பக்டீரியா மற்றதுக்கு, அது வேறு இனமாயிருந்தாலும், இந்த வளையத்தின் ஒரு படியைக் கொடுத்துவிடும். வளையத்தில் மருந்தை வெட்டிப்போடும் கத்தரிக்கோலுக்கான செய்முறை எழுதியிருந்தால், வாங்கிய பக்டீரியாவும் அன்றே மசியாததாகிவிடும். அப்படியான ஒரு கத்தரிக்கோலின் பரவலைத்தான் 2010 ஓகஸ்டில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கார்த்திகேயன் குமாரசாமியும் பிரித்தானியாவின் திமொதி வோல்ஷ் முதலானோரும் ‘லான்செட்’ தொற்றுநோய் இதழில் உலகுக்கு அறிவித்தார்கள். கடைசி ஆயுதமாக வைத்திருந்த மெரோபெனம் வகை மருந்துகளையே வெட்டும் என்.டி.எம்.-1 அது. சென்னையில் 44 நோயாளிகளின் மாதிரிகளிலும் ஹரியானாவில் 26 பேரினதிலும் பிரித்தானியாவில் 37 பேரினதிலும் கிடைத்தது. பெயரில் புதுடில்லி ஒட்டியிருந்ததால் இந்தியாவில் பெரிய சர்ச்சையானது. பெயரைப் பற்றிய சர்ச்சையில் சோதனையின் செய்தி அடிபட்டுப் போனதுதான் துயரம். அடுத்த வருடம் டில்லியில் வீதியோரம் தேங்கிய கசிவுநீர் மாதிரிகள் 171இல் 51இலும், குழாய்நீர் மாதிரிகள் 50இல் 2இலும் அந்தக் கத்தரிக்கோலின் செய்முறை இருப்பது தெரிந்தது. மசியாமை ஆஸ்பத்திரிக்குள் மட்டும் இல்லை, வாய்க்காலிலும் ஓடியது. உலகம் முழுக்க 2019இல் மட்டும் 12 இலட்சத்து 70 ஆயிரம் பேரின் மரணத்துக்கு மசியாத பக்டீரியாக்கள் நேரடிக் காரணம் என்று 2022இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது.

மருந்தால் வரும் ஆபத்து மசியாமை மட்டுமல்ல. 2023 யூலையில் பேராதனை வைத்தியசாலையில் செப்ட்ரியாக்சோன் ஊசி ஏற்றப்பட்ட ஓர் இளம்பெண் இறந்த செய்தி நாட்டையே உலுக்கியது. அதன்பின் எங்கள் பக்கத்தில் ஊசி என்றாலே கையை இழுத்துக்கொண்டவர்கள் இருந்தார்கள். நுண்ணுயிர்க்கொல்லிக்கு ஒவ்வாமை சிலருக்கு உண்டு. மிகச் சிலருக்கு அது சில நிமிடத்தில் மூச்சை அடைத்து இரத்த அழுத்தத்தை விழுத்திவிடும். உடனே அட்ரினலின் கொடுத்தால் காப்பாற்றலாம், ஆனால் அதற்கு ஆளும் மருந்தும் பக்கத்தில் இருக்க வேண்டும். இந்த ஆபத்து மிகச் சிறியது என்று சொல்லி டொக்டர்கள் தைரியம் தருவது உண்மைதான். இரத்தத்தில் கிருமி கலந்தவருக்கு ஊசியின் ஆபத்தை விட ஊசி போடாத ஆபத்து எத்தனையோ மடங்கு பெரிது. தடிமன்காரருக்கு அந்தத் தராசின் மறுதட்டில் வைக்க ஒன்றுமே இல்லை. பயன் பூச்சியமானால் எவ்வளவு சிறிய ஆபத்தும் வீண் ஆபத்துத்தான். முன்பு ஏதாவது மருந்துக்குத் தடிப்பு, வீக்கம், மூச்சுமுட்டு வந்திருந்தால் அந்த மருந்தின் பெயரை எழுதிக் கிளினிக் கொப்பியில் வைத்திருப்பது பெரிய காரியம். ‘ஏதோ ஒரு வெள்ளைக் குளிசை’ என்ற தகவலால் டொக்டருக்கு ஒரு பயனும் இல்லை.

மருந்தின் தரமும் இதற்குள் வருகிறது. அளவு குறைந்த, வெயிலில் காய்ந்த, போலியான மருந்து ஹார்வர்ட் தட்டின் நடு வரம்புகளைப்போல வேலை செய்யும். கொல்லப் போதாது, மசியாதவற்றைப் பொறுக்கியெடுக்கப் போதும். பிள்ளைகளுக்குக் கரைத்துக் கொடுக்கும் அமொக்சிசிலின் பாணி, போத்தலில் சொன்ன சில நாளுக்கு மேல் தாங்காது. இளையவனுக்குக் காய்ச்சல் வரும்வரை அதை வைத்திருந்தால் வலு குறைந்துவிடும். 2023இல் சென்னைக்கு அண்மையில் ஒரு தொழிற்சாலையில் செய்து அமெரிக்காவுக்கு அனுப்பப்பட்ட கண்துளி மருந்தோடு, பெரும்பாலான மருந்துக்கு மசியாத பக்டீரியா ஒன்றும் போய்ச் சேர்ந்தது. 18 மாநிலங்களில் 81 பேரைத் தொற்றியது, நால்வர் இறந்தார்கள், பலர் பார்வை இழந்தார்கள்.

இவ்வளவும் சொல்லிவிட்டு, டொக்டரின் துண்டில்லாமல் மருந்து வாங்குபவரையும் விற்பவரையும் மட்டும் குறை சொல்லிப் போக எனக்கு மனம் வரவில்லை. இலங்கையில் நுண்ணுயிர்க்கொல்லி டொக்டரின் துண்டுக்கு மட்டுமே விற்க வேண்டியது. நோயாளிபோலப் பாமசிகளுக்குப் போய் ஆராய்ந்தவர்கள், தடிமனுக்கும் வயிற்றோட்டத்துக்கும் துண்டில்லாமலே அது கைக்கு வருவதைக் கண்டிருக்கிறார்கள். ஆனால் வயலுக்குப் போகும் கூலிக்காரர் ஆஸ்பத்திரி வரிசையில் நிற்க ஒருநாள் சம்பளத்தை விட வேண்டும். தனியார் டொக்டருக்கு அதைவிடக் கூட வேண்டும். பாமசியில் மூன்று கெப்சூல் வாங்குவதற்குக் கையிலிருப்பது போதும். மூன்றுதான் வாங்குகிறார், ஏனென்றால் பதினைந்துக்குக் காசில்லை. வறுமை எழுதிக் கொடுத்த துண்டு அது.

மருந்துத் தட்டுப்பாடும் மருந்து மிகையும் எதிரெதிர்ப் பிரச்சினைகள் என்றுதான் நானும் நெடுநாள் நினைத்திருந்தேன். வாந்திபேதியின் இரண்டு கதைகள் அந்த நினைப்பை மாற்றின. அம்பாறையிலிருந்து உள்ளே போனால் வரும் பிபிலையில் 1920இல் பிறந்தவர் சேனக பிபிலே, பேராதனை மருத்துவபீடத்தின் மருந்தியல் பேராசிரியர். 1971இல் தொடங்கிய அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனத்தின் தலைவராக அவர் ஏறக்குறைய 2,100 மருந்துகளின் இறக்குமதிப் பட்டியலை 600 அளவுக்குக் குறைத்தார். வணிகப் பெயரை விட்டு மருந்தின் சொந்தப் பெயரில், உலகச் சந்தையில் கேள்விப்பத்திரம் கோரி மலிவாக வாங்கினார். 1974இல் வாந்திபேதி பரவியபோது, கூட்டுத்தாபனம் வாங்கிய டெட்ராசைக்கிளின் மூலப்பொருளைக் கெப்சூலாக்கித் தரும்படி கொழும்பில் ஆலை வைத்திருந்த பன்னாட்டு நிறுவனமொன்றைக் கேட்டார்கள். அது மறுத்தது. அவசரத்துக்கு விமானத்தில் கூடிய விலைக்கு இறக்க வேண்டியதாயிற்று. மூன்று வருடம் கழித்து, 1977இல், தன்சானியாவில் வாந்திபேதி. அங்கே அதே டெட்ராசைக்கிளினை நோயாளிக்கு மட்டுமல்ல, நோய் வராமலிருக்கவும் ஊர் ஊராகக் கொடுத்தார்கள். ஐந்தே மாதத்தில் அங்கு எடுத்த வாந்திபேதிக் கிருமி மாதிரிகளில் 76 சதவீதம் அதற்கு மசியாமல் போயின. ஓரிடத்தில் தேவைப்பட்டவருக்குக் கிடைக்கவில்லை, மற்ற இடத்தில் தேவைப்படாதவருக்கும் கிடைத்தது. எப்படியும் நோயாளிக்கு மருந்து இல்லை.

2022இல் அந்நியச் செலாவணி வற்றியபோது நாங்கள் இதை மறுபடி பார்த்தோம். நாட்டுக்கு வேண்டிய மருந்தில் 80 சதவீதத்துக்கு மேல் வெளியிலிருந்து வருவது. அந்த மார்ச் மாதம் பேராதனை வைத்தியசாலை திட்டமிட்ட சத்திரசிகிச்சைகளையே நிறுத்தியது. தட்டுப்பாட்டில் டொக்டர் முதலில் கொடுக்க வேண்டிய எளிய மருந்து இல்லாமல், இருக்கிற பலமான மருந்தைக் கொடுக்க வேண்டி வரும். எளியதை முதலில், வலியதைக் கடைசிக்கு என்று உலக சுகாதார நிறுவனம் 2017இல் வகுத்த வரிசை, அலுமாரி வெறுமையாக இருக்கும் இடத்தில் எப்படி நிற்கும்?

‘கொடுத்த கெப்சூலை முழுக்க முடி’ என்ற புத்திமதி பற்றியும் ஒரு வார்த்தை. அதைக் கேட்டு வளர்ந்த நமக்கு, 2017இல் பிரித்தானிய மருத்துவ இதழில் சில நிபுணர்கள் அதற்கே போதிய சான்றில்லை என்று எழுதியது அதிர்ச்சியாக இருக்கலாம். பல தொற்றுகளுக்குக் குறைந்த நாள் மருந்தே போதும் என்று சோதனைகள் காட்டிவருகின்றன. தேவையில்லாமல் நீடிக்கும் ஒவ்வொரு நாளும் குடலிலுள்ள அப்பாவிகளுக்குத்தான் அடி. அதற்காக நாமே நிறுத்திவிடலாம் என்று பொருளல்ல. காசநோய்க்கு மாதக்கணக்கில் எடுத்தே ஆகவேண்டும். எத்தனை நாள் என்பதை நோய் தீர்மானிக்கிறது, அந்தக் கணக்கு டொக்டருக்குத் தெரியும். ‘இத்தனை நாள் வேணுமா, இது வைரசு இல்லையா’ என்று அவரைக் கேட்பதில் மரியாதைக்குறைவு ஒன்றுமில்லை.

மாமி வீடு திரும்பி ஒரு கிழமை கழித்து அந்த பிஸ்கட் டின்னைக் கொண்டுவந்து என் முன் வைத்தார். தரையில் கொட்டிப் பிரித்தோம். பனடோல் காட் மூன்று, ஜீவனிப் பக்கற் இரண்டு, பிரஷர் குளிசை கொஞ்சம். மிச்சத்தில் ஆறு அரைகுறைக் காட்டுகள் நுண்ணுயிர்க்கொல்லி, நாலு வகை. இரண்டில் பெயர் இருந்த பக்கத்தை வெட்டியெடுத்திருந்தது. ஒன்று பக்கத்து வளவுக்காரி தந்தது, அவருக்கு அவருடைய மகன் கட்டாரிலிருந்து கொண்டுவந்தது. நான் அந்த ஆறையும் தனியே எடுத்து வைத்தேன். மாமி அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“தட்டுப்பாடு வந்த வருசம் ஒரு குளிசைக்கு எத்தின கடை ஏறி இறங்கினம் மனே. இருக்கிறத எப்படி எறியிற?”

எனக்கு உடனே பதில் வரவில்லை. பனடோலையும் ஜீவனியையும் டின்னுக்குள் திரும்ப அடுக்கி மூடிக் கொடுத்தேன்.